ஆபீசர் வரும் நாளில் வராத நாற்றம்

முதலில் மூக்கு எரியும்... அப்புறம்தான் நாற்றம் தெரியும். கருகிய ரப்பரோடு அழுகிய முட்டையைச் சேர்த்த மாதிரி. ஜொகூர் பாருவில் தொழிற்சாலைகளுக்கு நடுவே நான்கு வரிசை வீடுகள், அதுதான் எங்கள் தாமான். பின்பக்கக் கையுறைத் தொழிற்சாலை புகையை விட்டதும், அம்மா காய்ந்தும் காயாத துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவார்.

அப்பாதான் குடியிருப்பாளர் சங்கத் தலைவர். விடாமல் புகார் செய்து அதிகாரிகளை வரவழைப்பார். ஆனால் அவர்கள் வருகிற காலையில் மட்டும் காற்று கோயில் பிரகாரம் மாதிரி இருக்கும்! ஒரு தடவை என்றால் தற்செயல். ஒவ்வொரு தடவையுமா?

யாரோ தகவல் சொல்கிறார்கள்...

அந்த யாரோ யார் என்று தாமான் சீக்கிரமே முடிவு செய்துவிட்டது. என் அண்ணன் குணா அதே தொழிற்சாலையில் சூப்பர்வைசர்.

செயலாளர் ஆறுமுகம் அங்கிள் கூட்டத்திலேயே கேட்டார். "தலைவரே, தப்பா எடுத்துக்காதீங்க லா. உங்க வீட்ல பேசறது கம்பெனிக்குக் கேக்குதோ?"

அன்றிலிருந்து அண்ணன் உள்ளே வந்தால் அப்பா போனை வைத்துவிடுவார். சாப்பிடும்போது சங்கப் பேச்சே கிடையாது. எனக்கும் உறுத்தல்தான்... அண்ணன் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அவன் ஒரு தடவைதான் கேட்டான்.

"அப்பா, நீங்களுமா?"

அப்பா பேப்பரைப் புரட்டினார். கொஞ்ச நாளில் அண்ணன் வேலையை விட்டுவிட்டு சிங்கப்பூர் போய், அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டான். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். வருகிறவர் புகாரை விசாரிக்கும் அதிகாரியே ஆனாலும் வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டோம். முதல் நாளே பாய் நடத்தும் மாமாக் கடையில் வடையும் மசாலா அடைத்த கறிபாப்பும் சொல்லிவைப்பார் அப்பா. அடுத்த தடவை அவருக்குக் காய்ச்சல், அதனால் நான் போனேன். கடை இருப்பது தொழிற்சாலை கேட்டுக்கு நேர் எதிரே.

"பாய், நாளைக்கு அம்பது வடை வேணும்."

பாய் சமையல்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய், நாளைக்கு ஆபீசர் வர்றாங்களாம்! மாவு கூட அரைச்சி வை!"

பக்கத்து மேசையில் தொழிற்சாலை யூனிபார்மில் ஒருவர். தேத்தாரே டீக் குவளையைக் கீழே வைத்தார்... போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அப்பா முதலில் அதிகாரிகளைக் கூப்பிட்டு வருகையைத் தள்ளிப்போட்டார். பிறகு அண்ணனைக் கூப்பிட்டார்.

"வடைதாண்டா குணா..." என்றார்.

அடுத்த தடவை கடையில் எதுவும் சொல்லிவைக்கவில்லை. வந்தவர்களுக்கு அம்மா போட்ட பால் இல்லாத தே ஓவும் பிஸ்கட்டும்தான். அன்றைக்கு அந்த நாற்றம்! ஒரு அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டே எழுதினார். தொழிற்சாலை மாட்டிக்கொண்டது.

கூட்டத்தில் அப்பா வடைக் கதையைச் சொன்னார். ஒருத்தரும் நம்பவில்லை. "பையன் வேலைய விட்டான், தகவல் நின்னு போச்சி" என்று அவர்களே தீர்ப்பு எழுதிக்கொண்டார்கள்.

இப்போது தொழிற்சாலை இருந்த இடத்தில் ஏதோ கிடங்கு இருக்கிறது. துணி நிம்மதியாகக் காய்கிறது. சங்கம் வாட்ஸ்அப் குரூப்பாகிவிட்டது, தெரியாத கார் நின்றால் உடனே போட்டோ வந்துவிடும். சந்தேகம் மட்டும் எங்கேயும் குடிபோகவில்லை.

போன தீபாவளிக்கு அண்ணன் வந்திருந்தான். அன்றைக்குக் கூட்டத்தில் அவனைச் சந்தேகப்பட்ட அதே ஆறுமுகம் அங்கிள் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தம்பி, அன்னைக்கு நீ உள்ள இருந்து நமக்குத் தகவல் சொன்னதாலதான் கம்பெனி மாட்டிச்சி. மறக்க முடியுமா!"

"ஆமா அங்கிள்" என்று அண்ணன் சிரித்தான்.

அவர் போனதும் நான் கோபமாகக் கேட்டேன். "ஏண்ணே, உண்மையச் சொல்ல வேண்டியதுதானே?"

உள்ளே அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அப்பாவே என்னை நம்பல. இவருகிட்ட சொல்லி என்ன ஆகப் போவுது?"