டிரம்ஸ் தனியும் என் காலும்

எண்பதுகள்ல திருச்சியில நாங்க நாலு பேர் ஜாஸ் வாசிச்சோம். நான் டிரம்ஸ்.

சர்ச் ஹால்ல முதல் கச்சேரி. சாக்ஸபோன் ஓய்ஞ்சதும் நான் தனியா வாசிக்க ஆரம்பிச்சேன். மொத்த ஹாலும் எழுந்து வெளிய போயிடுச்சு. மிச்சம் ஃபாதர் மட்டும்தான். ஹால் சாவி அவர்கிட்ட.

ஸ்ரீரங்கத்து மாமா ஒருத்தர் டம்ளரோட திரும்பி வந்து சொன்னார்: "தப்பா நினைச்சுக்காதீங்கோ. மிருதங்கத் தனி ஆரம்பிச்சா காபிக்கு எழுந்துக்கறது நம்ம கச்சேரி வழக்கம்."

அன்னையிலேர்ந்து இந்த ஊரைத் திட்டாத நாள் இல்ல.

இன்னிக்குத் தில்லை நகர்ல ஒரு காபிக் கடை மாடியில சின்னப் பசங்க ஜாஸ் வாசிச்சாங்க. டிரம்ஸ்ல ஒரு பொண்ணு, என்னை விடப் பல மடங்கு பிரமாதம். புதுசா வர்றவங்களை நாமதானே தட்டிக் கொடுக்கணும்னு முன் வரிசையில உக்காந்தேன்.

அந்தப் பொண்ணு தனியா வாசிக்க ஆரம்பிச்சதும் எழுந்துட்டேன். சத்தியமா நான் இல்லைங்க, என் கால்.

கையை நிறுத்தாமலே மைக்ல சொல்லுச்சு: "அங்கிள், உக்காருங்க. காபி அங்கயே வரும்."

வந்துச்சு. குடிச்சுக்கிட்டே முழுசாக் கேட்டேன்.

டிரம்ஸ் தனிக்கு எழுந்திருக்காத கால் திருச்சியில யாருக்காவது இருக்கா? இருந்தா அந்தக் காலை அடுத்த சனிக்கிழமைக் கச்சேரிக்கு அனுப்பி வைங்க. என் காலை நம்பி இந்த ஊர்ல ஜாஸ் வளராது.