எந்திரிக்காதீங்க மாமா

அந்த வெள்ளைச் சட்டைக்கு நான் அவ்வளவு கஞ்சி போட்டிருக்க வேண்டாம். மாமனாரின் மெலிந்த உடம்பில் அது அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. பஞ்சாயத்திலிருந்து நர்ஸ் சிஸ்டர் வருகிறார் என்று வார்டு மெம்பர் சொல்லியனுப்பியதும் முதலில் அந்தச் சட்டையைத்தான் எடுத்தேன். பிறகு வீடு கழுவினேன், விரிப்பு மாற்றினேன், கட்டிலடியில் இருந்த மூத்திரப் பாத்திரத்தை வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் கொண்டுபோய் மறைத்தேன். ஊதுபத்தி வேறு. நினைத்தால் என் தலையில் நானே நாலு போடலாம் போலிருக்கிறது.

சிஸ்டர் விருந்துக்கா வந்தார்? படுக்கையில் கிடப்பவரை முழுநேரமும் பார்த்துக்கொள்கிறவருக்குக் கேரள அரசாங்கம் மாதாமாதம் ஒரு தொகை தருகிறது. அவர் ‘கிடப்புரோகி’தான் என்று சிஸ்டர் பார்த்து எழுதிக்கொடுத்தால்தான் அது கிடைக்கும். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோன மாமனாருக்காக நான் கஞ்சிக்கோட்டுக் கம்பெனி வேலையை விட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் லாரி ஏறினால் பத்து நாள் கழித்துத்தான் முகம் காட்டுவார். தொகை வராவிட்டால் நான் மறுபடி பஸ் ஏற வேண்டும்; மாமனார் பகலெல்லாம் பூட்டிய வீட்டில் தனியாகக் கிடக்க வேண்டும். இவ்வளவும் தெரிந்தவள்தான் ஊதுபத்தி கொளுத்தினேன்.

மாமனார் ஆயுசெல்லாம் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவர். வீட்டுக்கு வந்தவரை உட்கார்ந்தபடி ‘வாங்க’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. சுவரைப் பிடித்து நிற்க முந்தின வாரம்தான் பழகியிருந்தார், அதுவும் நான் தாங்கினால். அன்று சிஸ்டர் உள்ளே வர, நான் காப்பிக்கு அடுப்பைப் பற்றவைக்கப் போன நேரம் பார்த்து, தானாகவே எழுந்து, சுவரில் தோளைச் சாய்த்து ரெண்டடி இழுத்து வைத்து, “வாங்க சாமி, வாங்க. காப்பி குடிக்காமப் போகக் கூடாதுங்க” என்று சொல்லிவிட்டார். வாய் கோணித்தான் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு! நோய் வந்ததிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு.

“அச்சன் நடக்குன்னுண்டல்லோ!” அப்பா நடக்கிறாரே என்று சிஸ்டருக்கும் ஒரே சந்தோஷம். அவரைக் குறை சொல்ல மாட்டேன்; பார்த்ததை எழுதினார். எனக்குக் கைதட்டுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று விளங்கவில்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது. மெம்பர் வாசலில் நின்று சத்தம் போட்டார்: “ஏனுங்க அக்கா, சிஸ்டரு என்ன பொண்ணு பாக்கவா வந்தாங்க? இந்தச் சோடனையெல்லாம் எதுக்குங்க?” திட்டிவிட்டு, இன்னொரு முறை வந்து பார்க்க அவரே ஏற்பாடும் செய்தார்.

இரண்டாம் முறை சட்டையை எடுக்கவில்லை. முகம் மழிக்கவில்லை. பாத்திரம் இருந்த இடத்திலேயே இருந்தது. “மாமா, சிஸ்டர் வந்தா எந்திரிக்காதீங்க. வாங்கன்னும் சொல்லாதீங்க” என்றேன்.

“ஊட்டுக்கு வந்தவங்களையா அம்மணி?”

“ஆமாங்க மாமா.”

சிஸ்டரின் செருப்புச் சத்தம் கேட்டதும் மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்குள் முழி ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை முட்டியது, சிஸ்டர் பார்த்துவிடப் போகிறாரே என்று பயமாகவும் இருந்தது.

தொகை வந்தது. சில மாதம் தாமதமாக, ஆனாலும் வந்தது. நான் வீட்டில் இருந்தேன். அன்றைக்குப் பிறகு மாதக்கணக்கில் அவர் நிற்க முயலவே இல்லை. நோய் முற்றினால் அப்படித்தான் என்றார் டாக்டர். இருக்கலாம். நான் வேலைக்குப் போயிருந்தால் ஆளில்லாத வீட்டில் எழுந்து விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார், அதுவும் இருக்கலாம். நான் பொய் சொல்லவில்லை. அவர் நடக்கக் கூடியவரும் இல்லை. பின்னே நான் செய்தது என்ன? அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது, இன்னும் பிடிபடவில்லை.

மாதம் ஒருமுறை வந்து படுக்கைப் புண் பார்த்துப்போன அதே சிஸ்டர், மாமனார் இருந்தபோதே ஒரு நாள் மாற்றலாகிப் போவதாகச் சொல்லிக்கொள்ள வந்தார். கையில் காகிதம் எதுவும் இல்லை. வாசலில் அவர் குரல் கேட்டதும் மாமனார் என் கையைப் பிடித்து இழுத்தார்.

“இப்ப எந்திரிக்கலாமா அம்மணி?”

“எந்திரீங்க மாமா” என்று தோளைக் கொடுத்தேன். வலது கையை ஊன்றினார், பல்லைக் கடித்தார், இடுப்பு அசையவில்லை. மறுபடியும் ஊன்றினார். அதற்குள் சிஸ்டர் உள்ளே வந்துவிட்டார்.

படுத்தபடியே, “வாங்க” என்றார்.