கட்டப்பையின் அடியில்

என் அப்பாவுக்குத் துணி மடிப்பதுதான் தொழில். டவுண் ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் நின்றார். கல்யாண வீட்டார் வந்து மலைபோல் பிரிக்கச் சொல்லிவிட்டு, “பொறவு வாரோம் அண்ணாச்சி” என்று எழுந்துபோனால், அவர்கள் படியிறங்குவதற்குள் அத்தனையும் அலமாரி ஏறியிருக்கும். அதே மனிதருக்கு வீட்டில் தன் பனியன் எந்தக் கொடியில் கிடக்கிறது என்று தெரியாது. குளித்துவிட்டு ஈரத்தோடு நின்று அம்மாவைக் கூப்பிடுவார்.

அப்படிப்பட்டவரிடம்தான், திருவனந்தபுரம் போக எனக்கும் தங்கச்சிக்கும் பை கட்டும் வேலையை அம்மா ஒப்படைத்தாள். நான் நாலாம் வகுப்பு. தங்கச்சி பள்ளிக்கூடத்துக்கே போக ஆரம்பிக்காதவள். எங்களிடம் சொன்ன காரணம் மிருகக்காட்சி சாலை. சொல்லாத காரணம் அம்மாவின் வயிற்றில் இருந்த கட்டி. இங்கே இனி பார்ப்பதற்கில்லை, அங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று பாளையங்கோட்டை டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா அவ்வளவு மெலிந்திருந்தாள். அவள் வளையலைத் தள்ளினால் முழங்கை வரை ஏறும். நான் அதை ஏற்றி இறக்கி விளையாடினேன். சிங்கத்தை நேரில் பார்க்கப்போகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தேன்.

புறப்படுகிற அன்று காலையில், கருப்பட்டிச் சிப்பத்தோடு உடன்குடியிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. நல்ல மனசு, குரல்தான் பெரிசு. அம்மாவுக்குக் கேட்கக்கூடாது என்று அப்பாவை அடுக்களைக்குள் கூட்டிப்போய்ப் பேசினாள். எங்கள் வீடு ஒன்றரை அறை. அத்தை குசுகுசுத்தால் தெருவில் போகிறவர் நின்று பதில் சொல்லலாம்.

“ஏலே, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீ கடைக்குப் போவியா, பிள்ளையளப் பாப்பியா? பொட்டப்பிள்ள எங்கூட இருக்கட்டும். பயல அவன் மாமா மதுரைக்குக் கூட்டிட்டுப் போட்டும். ஆம்பள ஒத்தையில ரெண்டையும் வளத்துருவியாக்கும்?”

நான் உள்ளுக்குள் குதித்தேன். மதுரையில் மாமா வீட்டுப் பக்கம் ஓடும் படிக்கட்டு வைத்த பெரிய கடை ஒன்று இருந்தது. தங்கச்சிக்குக் கருப்பட்டி, எனக்கு ஓடும் படிக்கட்டு. ‘ஒண்ணு கெடக்க ஒண்ணு’ என்பது என்ன என்று யோசிக்கிற கெட்ட பழக்கமெல்லாம் என்னிடம் கிடையாது.

கட்டிலில் இருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

“ஏங்க, இங்கன வாங்க. பிள்ளையளுக்கு உள்ளத நீங்களே எடுத்து வைங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அப்பா கடையில் தருகிற பெரிய கட்டப்பை ஒன்றை விரித்தார். தங்கச்சியின் கவுன்களை மடித்தார் பாருங்கள், அப்படியே கண்ணாடி அலமாரியில் வைக்கலாம். நான் வாடிக்கையாளராக எதிரே உட்கார்ந்துகொண்டேன்.

“அண்ணாச்சி, இதுல வேற கலர் இருக்கா?”

“இருக்கு சார். ஆனா ஒங்க நெறத்துக்கு எடுக்காது.”

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே பையை இழுத்துக் கட்டிலில் கவிழ்த்தாள்.

“இத யாருக்கு விக்கப் போறிய? சின்னவளுக்கு ஜட்டி ஒண்ணுகூட இல்ல. ரயில்ல வாந்தி எடுப்பா, கவரு எங்க? எஞ்சேலத் துணி மூஞ்சில படாம அவ தூங்க மாட்டா. ராத்திரி அழுதா என்ன செய்விய, கவுன விரிச்சுக் காட்டுவியளா?”

அப்பா மறுபடி அடுக்கினார். அதுவும் கவிழ்ந்தது. இந்தத் தடவை என் இளைப்பு மருந்து இல்லை. அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. என்னைத் தவிர இன்னொருவரும் தோற்பதைப் பார்க்க எனக்குப் பரம சந்தோஷம். “அப்பா பெயிலு” என்று தங்கச்சிக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் கைதட்டிப் பாடினாள். அம்மா இப்போது சிரிக்கவில்லை. அடுக்களை வாசலில் நின்ற அத்தையைப் பார்த்தாள். அத்தை தரையைப் பார்த்தாள்.

“இன்னொரு மட்டம்” என்றாள் அம்மா.

அப்பா இந்தமுறை நிதானமாக எடுத்து வைத்தார். முடித்ததும், அம்மா சொன்னபடி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

“மேல?”

“கவரு, எலுமிச்சம்பழம், ஈரத்துண்டு.”

“காய்ச்ச மருந்து?”

“ஓரத்துல. சின்னவளுக்கு அர மூடி, பெரியவனுக்கு ஒண்ணு. இளைப்பு மருந்தும் அங்கனதான்.”

“எஞ்சேலத் துணி?”

“கவுனுக்கு நடுவுல. தொவைக்கல. தொவைச்சா ஒன் வாசம் போயிரும்.”

“அடியில?”

“ரப்பர் ஷீட்டு.”

“அது யாருக்குலே?” என்றாள் அத்தை.

“பெரியவனுக்குத்தான். ராத்திரி படுக்கையில நனைச்சிருவான்.”

எனக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம் அது. அப்படித்தான் நான் நம்பியிருந்தேன். வகுப்பு லீடர் வேறு நான்.

“ஒங்களுக்கு யாரு சொன்னா?” என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

“யாரு சொல்லணும்? விடியுமுன்ன நீ விரிப்ப மாத்துவல்லா, நான் முழிச்சுத்தான் கெடப்பேன்.”

பொய், பொய் என்று நான் கூப்பாடு போட்டேன். அம்மா அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “மைனி, எது ஆனாலும் சரி, பிள்ளைய ரெண்டும் அவிய அப்பாகூடயே இருக்கட்டும்.”

அத்தை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தலையாட்டினாள்.

பிற்பாடு எத்தனையோ பயணங்களுக்கு அப்பாதான் எங்களுக்குப் பை அடுக்கினார், கவிழ்த்துப் பார்க்க ஆளில்லாமல்.

அன்று ரயிலில் நான் முறுக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு ரப்பர் ஷீட்டால் ஓடும் படிக்கட்டு போய்விட்டது என்பது மட்டும் எனக்கு விளங்கியிருந்தது. எதிர் இருக்கையில், மடியில் தங்கச்சியைக் கிடத்திக்கொண்டு, அம்மா என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். வள்ளியூர் தாண்டியும் கண்ணை எடுக்கவில்லை. ரப்பர் ஷீட்டை நினைத்துத்தான் பார்க்கிறாள், நான் திரும்பினால் சிரித்துவிடுவாள் என்று, நாகர்கோவில் வரைக்கும் அவளுக்கு முகத்தைக் காட்டாமல் ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே போனேன்.