யார் மேல் சடவு

அன்று ஜூலை முதல் செவ்வாய்க்கிழமை. குளுக்கோஸ் இறங்கி முடிந்ததும் இசக்கியப்பன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு பண்பொழி கிளினிக்கிலிருந்து கிளம்பினார். மாத்திரைக் கவர் பெஞ்சில் கிடந்தது. மறந்த மாதிரி தெரியவில்லை. வேண்டாமென்று வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

நர்ஸ் முத்துச்செல்விக்கு அது உறுத்தியது. லோடு ஆட்டோ ஓட்டுகிற ஆள், இரண்டு மாதத்தில் ஆறாவது தடவையாக வருகிறார். ரத்தம், சர்க்கரை, தைராய்டு எல்லாம் சரி. வந்தால் ஒரே பேச்சுதான்: "சடவா இருக்கு." டாக்டர் அனுசியா சீட்டில் 'அசதி' என்று எழுதுவார். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, "அது பாட்டுக்குக் கெடக்கு" என்றுவிட்டார்.

முத்துச்செல்விக்கு ஊர் வாசுதேவநல்லூர். அவள் வீட்டில் சடவு என்றால் மனத்தாங்கல். அவள் அம்மாவும் சித்தியும் இரண்டு வருடமாகச் சடவு. இவர் எந்தச் சடவைச் சொல்கிறார்? கவரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள்.

"அண்ணாச்சி, வண்டி எங்க?"

"மூணு வாரமா எடுக்கல."

"ஆரு மேல சடவு?"

முகத்துச் சாரலைத் துடைத்தபடி சிரிக்கப் பார்த்தார். "எம்மேலதான். விடிஞ்சிருதேன்னு இருக்கு. குத்தாலத்துல தண்ணி விழுது, வாலேன்னு கூப்பிடுதானுவ. எனக்கு எதுக்கு?"

அடுத்த கேள்வியைக் கேட்டால் நாமே எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகும் என்று முன்பெல்லாம் பயந்திருந்தாள். அது தப்பென்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

"செத்துப் போயிரலாம்னு தோணுதா அண்ணாச்சி?"

பஸ் வந்து நின்றது. போயிற்று. அவர் ஏறவில்லை.

"ரெண்டு மட்டம் தோணிச்சு," என்றார்.

கையோடு திரும்பக் கூட்டி வந்தாள். அனுசியா அரை மணி நேரம் பேசினார். 'அசதி'யை அடித்துவிட்டு 'மனச்சோர்வு' என்று எழுதி, மாத்திரையையும் மாற்றினார். மனைவியை வரவழைத்து, தனியாக விட வேண்டாம் என்றார். தென்காசி மனநல மருத்துவருக்கும் கடிதம் கொடுத்தார். "மாத்திர கேக்க நாலு வாரம் ஆவும். நடுவுல நிறுத்திராதிய."

"பைத்தியத்துக்குள்ளதா?" என்றார் இசக்கியப்பன்.

"சடவுக்குள்ளது," என்றாள் முத்துச்செல்வி.

பத்தாம் நாளே, ஒன்றும் கேட்கவில்லை என்று நிறுத்தப் பார்த்தார். அவள் வாரா வாரம் போன் செய்தாள். ஆறாவது வாரம் எடுக்கவில்லை. பதறி மறுபடி அடித்தாள். "புளியறையில லோடு எறக்குதேன், பெறவு கூப்புடு தாயி."

அடுத்த வருடம் ஐப்பசியில் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது:

"எங்க சகலை தட்டுல சோத்த வச்சிக்கிட்டு பாத்துக்கிட்டே இருக்கான். கேட்டா தலவலிங்கான். நாளைக்குக் கூட்டியாறேன். டாக்டர் இருப்பாவளா?"