தலையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

ரோஸ்மேரி சிஸ்டர் இறந்த செய்தி வந்தபோது, சூளைத் தெரு டீக்கடையில் ஒருவர் இன்னொருவரின் காலரைப் பிடித்திருந்தார். நாட்டுக்கெல்லாம் ஒரே மருத்துவ அட்டை என்ற மசோதா பற்றிய விவாதம் அந்தக் கட்டத்தை எட்ட வழக்கமாக இரண்டு டீ ஆகும். அன்று ஒன்றிலேயே எட்டியிருந்தது. கடைக்காரர் போனை வைத்துவிட்டு, "சிஸ்டர் தவறிட்டாங்களாம். காலையில, தூக்கத்துலயே" என்றார். காலரைப் பிடித்த கை தளர்ந்தது. பிடிபட்டிருந்தவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அப்ப இனிமே யாரு தைப்பா?" என்று கேட்டார். இதைவிடச் சரியான இரங்கல் உரையை நான் எழுதிவிடப் போவதில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்கிறவர்கள் சந்தா போட்டு நடத்திய ஒற்றை அறை மருந்தகத்தில் அவர் நர்ஸாக இருந்தார். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். விவாதம் ஏழு நாளும் நடந்தது. இதைப் படிக்கிற உங்களில் பலருடைய நெற்றியில் சிஸ்டரின் தையல் இன்னும் இருக்கும். கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற ஊர்களில் கல் எறிகிறார்கள். நம் ஊரில் பியூஸ் கட்டை எறிவோம். கைக்கு அடக்கமான வெள்ளைப் பீங்கான். சூளையில் கோணிப்போனவை ஒவ்வொரு பட்டறை வாசலிலும் குவிந்து கிடக்கும். மசோதா வந்தால் ஏழைக்குப் பெரிய ஆஸ்பத்திரி திறக்கும் என்பது ஒரு கட்சியின் வாதம். இருக்கிற அட்டையும் பறிபோகும் என்பது மற்றதன் வாதம். மசோதாவை இரு தரப்பிலும் யாரும் படித்ததில்லை. ஆதரவுக் கட்சிக்குத் துண்டறிக்கை எழுதிய நானும் படித்ததில்லை. படித்தவர்கள் யாராவது இருந்திருந்தால் இத்தனை துணிவோடு எறிந்திருக்க மாட்டார்கள். சிஸ்டரிடம் அவர் எந்தப் பக்கம் என்று ஒருமுறை கேட்டேன். "எந்தக் கார்டு குடுத்தாலும் வாங்கிக்கிறேன். நீ மொதல்ல மூக்குல ரத்தத்தத் தொடைச்சிட்டு வா" என்றார்.

மருந்தகத்தில் உதவிக்கு ஆள் கிடையாது. அதனால் அவர் ஒரு விதி வைத்திருந்தார். தையல் போடும்போது, அடித்தவன் வந்து அடிபட்டவன் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "அடிக்கத் தெரிஞ்ச கைக்குப் புடிக்கத் தெரியாதா?" என்பார். மறுத்தால் மரத்துப்போகும் ஊசி போடமாட்டேன் என்று மிரட்டுவார். அந்த மிரட்டலை அவர் ஒருமுறையும் நிறைவேற்றியதில்லை. ஆனாலும் யாரும் மறுத்ததில்லை.

மசோதா ஓட்டெடுப்புக்கு வருவதாக இருந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். தெருவின் கிழக்கே எங்கள் கட்சி, மேற்கே அவர்கள். இரண்டு பக்கமும் காலுக்கடியில் ஒரு குவியல். முதல் கட்டை யார் கையிலிருந்து கிளம்பியது என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. ஐந்து நிமிடத்தில் எங்கள் முன்வரிசையில் நின்ற பழனிவேல், சூளையில் அடுக்குகிறவர், புருவம் கிழிந்து விழுந்தார். எதிர்த்தரப்புக் குமாரசாமி கையில் ஒரு கட்டை இருந்தது. அது போதுமானதாக இருந்தது. எங்கள் ஆட்கள் ஐந்து பேர் அவரைக் கீழே போட்டு மிதித்தார்கள். உதடு இரண்டாகப் பிளந்தது.

"கொலை கேஸு போடணும். ஜாமீனே கெடைக்கக் கூடாது."

"கேஸெல்லாம் அப்பறம். இங்கியே முடிச்சிடலாம்."

இந்த இரண்டு யோசனைகளோடும் இருவரையும் மருந்தகத்துக்குத் தூக்கிவந்தோம். குமாரசாமியின் மனைவி அஞ்சலை வாசலில் நின்று, "எங்கூட்டுக்காரு எறியலைங்க. கையில வச்சிருந்தாரு, அவ்ளோதாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் கேட்கவில்லை.

சிஸ்டர் மட்டும் வழக்கம்போல, "அடிச்சவன் வந்து புடி" என்றார். குமாரசாமியைத் தள்ளிவிட்டார்கள். ரத்தம் சொட்டச் சொட்ட அவர் பழனிவேலின் தலையைப் பிடித்தார். சிஸ்டர் இடுக்கியால் புருவத்திலிருந்து ஒரு சில்லை எடுத்தார். கழுவினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

ஒவ்வொரு பட்டறையும் தன் எழுத்தைக் கட்டையின் அடியில் குத்திவைக்கும். சூளைக்குப் போனபின் அது அழியாது. நம் ஊரில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். எறியும்போது மட்டும் நம்மில் ஒருவருக்கும் நினைவு வருவதில்லை.

"இது கெழக்கால பட்டறை எழுத்து" என்றார் சிஸ்டர். "ஒங்க காலுக்குக் கீழ கெடந்தது. ஒங்க பின்னால இருந்துதான் வந்திருக்குது. குமாரு, நீ கையை எடு. அடிச்சவன் வா."

கொலை கேஸு என்றவர் மெல்ல, "கை தவறிப் பட்டிருக்கும்" என்றார். சிஸ்டர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பழனிவேலின் கண்குழியில் ரத்தம் நிறைந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையிலிருந்து எறிந்தால் முன்வரிசையைத் தாண்டும் என்று நினைத்தவன் நான். நான் போய்ப் பிடித்தேன்.

"இறுக்கிப் புடி. எறியறப்ப இருந்த பலம் எங்க போச்சு?" என்றார். பழனிவேல் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்து, "நீயா? நல்லா எழுதுவியே" என்றார்.

அடுத்து குமாரசாமியின் உதடு. மிதித்த ஐவரும் வாசல் பக்கம் நகர்ந்தார்கள். "எங்க போறீங்க? அஞ்சு தையலு. ஆளுக்கு ஒண்ணு புடிச்சிட்டுப் போங்க" என்றார். வரிசையில் நின்று பிடித்தார்கள். அஞ்சலை ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றார். வழக்கு எதுவும் பதிவாகவில்லை.

மாலையில் மசோதா ஏதோ ஒரு குழுவுக்கு அனுப்பப்பட்டதாகச் செய்தி வந்தது. இரு கட்சிகளும் வெற்றி என்று வெடி வெடித்தன. வெடியில் கை சுட்டுக்கொண்ட இருவர், கட்சிக்கு ஒருவராக, சிஸ்டரிடம் வந்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் சவப்பெட்டியை முன்னால் பழனிவேலும் குமாரசாமியும் தூக்கினார்கள். தூக்குவதற்கு முன் யார் வலப்பக்கம் என்பதில் சிறு தகராறு வந்தது. ஒருவர் கீழே குனிந்து எதையோ தேடினார். பிறகு தைக்க ஆளில்லை என்பது நினைவுக்கு வந்ததோ என்னவோ, வெறுங்கையோடு நிமிர்ந்தார்.

அந்தச் சில்லை சிஸ்டர் அன்றே என் சட்டைப் பையில் போட்டுவிட்டார். மேசையில் இருக்கிறது. எழுத்து அழியவில்லை. ஆனால் அவரிடமிருந்து எனக்கு வந்தது அது அல்ல. ஒரு மனிதனின் தலை எவ்வளவு கனம் என்பது என் இரண்டு கைகளுக்கும் தெரியும்.