நாகப்பன் அண்ணன் கையைப் பற்றி

நாகப்பன் அண்ணன் இறந்த செய்தி காலை ஏழரைக்கு நம் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. நான் நம்பவில்லை. அவருடைய பழைய படம், கீழே இரண்டு பூ, கூப்பிய கை. யாரோ யாரிடமிருந்தோ வாங்கி அனுப்பியிருந்தார்கள். "ஃபார்வர்ட் ஆகி வந்தது எதையும் நம்பாத செல்வி. சம்பந்தப்பட்ட ஆளுக்கே போன் போட்டுக் கேளு" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அதனால் அவருக்கே போன் போட்டேன். அவர் மனைவி வள்ளியம்மை அக்கா எடுத்தார். பின்னால் அவர்கள் மகள் அழுகிற சத்தம் கேட்டது. அதற்கு மேல் சரிபார்க்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. தூக்கத்திலேயே நெஞ்சுவலி என்று பிறகு சொன்னார்கள்.

குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பினாங்கில் வீட்டிலேயே கணினி கட்டி அதிலேயே வீடியோ கேம் விளையாடுகிற நம் பதினைந்து பேரில் அவர்தான் மூத்தவர். அவரும் நானும் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில், பதினெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். வரிசையாக வருகிற சர்க்யூட் போர்டில் எது பழுது என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. சந்தேகப்படுவதற்கு எங்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்தப் புத்தி, வேலை முடிந்து பஸ் ஏறிய பிறகும் இரண்டு பேரையும் விடவில்லை. "வேலை செய்யுதுன்னா இன்னும் கெடலைன்னுதான் அர்த்தம்" என்பார் அண்ணன். போர்டை மட்டும் மனதில் வைத்து அவர் அதைச் சொல்லவில்லை.

பழுது பார்க்கக் கடையில் கணினியைக் கொடுக்க நேர்ந்தால், உள்ளே இருக்கிற ஒவ்வொரு பாகத்திலும் அக்காவின் நகப்பூச்சை எடுத்து ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டுத்தான் கொடுப்பார். கடைக்காரர் நல்லதைக் கழற்றிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிடுவார் என்று பயம். ஒருமுறை எல்லாப் பொட்டும் வைத்தபடியே திரும்பி வந்தன. வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகியிருப்பார்கள். இவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம், "நகப்பூச்சு அவன் வீட்டுலயும் இருக்கும் லா" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நாங்கள் எப்படிப்பட்ட ஜோடி என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

ஜுருவில் ஒருவர் பழைய கணினி விற்கிறார் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் போனோம். ஒரு வருடம்கூட ஓடாதது, மகன் படிப்புக்காக வாங்கியது என்றார் விற்பவர். அண்ணன் அவர் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. பக்கத்து மூடியைக் கழற்றி மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தார். "தம்பி, உங்க மகன் எத்தனை வருஷமா சிகரெட் குடிக்கிறாரு?" என்று மரியாதையாகக் கேட்டார். அந்த மனிதர் சிரித்துவிட்டார். திரும்பும்போது பினாங்குப் பாலம் முழுக்க நாங்களும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

ஓய்வு பெற்றதும் அவர் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் ஒரு அறையை ஒழித்து, ஒரே மாதிரி இரண்டு கணினி கட்டினார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. ஒவ்வொரு சனிக்கிழமையும் பிற்பகல் மூன்று மணிக்கு நான் போவேன். இரண்டையும் கேபிளால் இணைத்து கார் பந்தயம் விளையாடுவோம். முதல் நான்கு வருடத்தில் நான் ஜெயித்தது விரல்விட்டு எண்ணும் அளவுதான். என்னைவிட பதினோரு வயது மூத்தவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போடுகிறவர், மலை வளைவில் என்னை அநாயாசமாகத் தாண்டிப் போவார். இரண்டு பெட்டியையும் கட்டியது அவர். மூடி சீல் வைத்ததும் அவர். "பிரிச்சா என்கிட்ட வராத" என்பது நிபந்தனை. என் பெட்டியில் ஏதோ செய்து வைத்திருக்கிறார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. வந்த சந்தேகம் வாரத்துக்கு வாரம் ஊறிக்கொண்டே இருந்தது.

இனி எழுதப் போவதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அண்ணன் திரையாக வைத்திருந்தது ஒரு பெரிய டிவி. மகள் வாங்கித் தந்தது, மருமகன் மாட்டிச் சரிசெய்து கொடுத்தது. என்னுடையது சின்னத் திரை. அந்த டிவி மாதிரியே என் வீட்டிலும் ஒன்று உண்டு. அதில் விளையாட்டுக்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் டிவி ஒவ்வொரு படத்தையும் அழகாக்கிவிட்டு, கண் இமைக்கும் நேரம் பிந்திக் காட்டும். பார்க்கிறவருக்குத் தெரியாது. விளையாடுகிறவர் வளைவில் திருப்பும்போது கார் ஏற்கெனவே சுவரில் இருக்கும். ஒரு சனிக்கிழமை அவர் கீழே கடையில் குய் பலகாரம் வாங்கப் போயிருந்தபோது, ரிமோட்டை எடுத்து அதை அணைத்தேன். தோற்றால் பதறிப்போய் எதையாவது நோண்டுவார், அவர் செய்து வைத்திருக்கும் தில்லுமுல்லு வெளியே வரும் என்று நினைத்தேன். சோதனைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கு ஆறு பந்தயத்தில் ஐந்தை நான் ஜெயித்தேன். அவர் எதையும் நோண்டவில்லை. வலது கையைத் தூக்கி, விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தார். "நல்லா ஆடுற செல்வி" என்றார். அவர் குரலில் நடிப்பு இருக்கிறதா என்று நான் கவனித்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த வாரம் புது மவுஸ். அதற்கடுத்த வாரம் புது விசைப்பலகை, பிறகு கேபிள். ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்தார். ஒன்றும் சரியாகவில்லை என்றதும் சீலைப் பிரிக்காமல் இரண்டு பெட்டியையும் இடம் மாற்றி வைத்தார். அவர் பெட்டி என் மேசைக்கு வந்தது. ஆடிப் பார்த்தேன். இத்தனை வருடம் நான் ஆடிய பெட்டிக்கும் அதற்கும் இம்மி வித்தியாசம் இல்லை. அவர் எந்தத் தில்லுமுல்லும் செய்யவில்லை. வெறுமனே நன்றாக ஆடியிருக்கிறார். அந்த நிமிடமே நான் வாயைத் திறந்திருக்கலாம். டிவியை அவர் மாற்றிப் பார்க்கவே இல்லை. சின்னத் திரையில் அவருக்கு எழுத்து தெரியாது என்பதோடு, படம் பளிச்சென்று வருகிற ஒன்றை யார் சந்தேகப்படுவார்கள்?

"பெட்டி ரெண்டும் ஒண்ணுதான். அப்ப கோளாறு இங்கதான்" என்று வலது கையைக் காட்டினார். "வயசாகுது லா, அண்ணே" என்று நான் சொன்னேன். சொன்ன வாய் இதே வாய்தான்.

அதற்குப் பிறகு நடந்தது குழுவில் எல்லோருக்கும் தெரியும். கிளினிக் போனார். ஒன்றுமில்லை என்று சொன்ன டாக்டரைச் சந்தேகப்பட்டு இன்னொரு டாக்டரிடம் போனார். வீட்டில் போர்டுக்கு ஈயம் பற்றவைக்கிற வேலையை விட்டார். "கை ஒரு நொடி பிந்துது. ரோட்டுல அது போதும், ஒரு உயிர் போயிடும்" என்று சொல்லி, முப்பது வருடம் ஓட்டிய மோட்டார் சைக்கிளைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டார். மீன், காய்கறி வாங்கப் பாசாருக்குப் பஸ்ஸில் போகத் தொடங்கினார். ஒவ்வொரு வாரமும் இந்த வாரம் சொல்லிவிடலாம் என்று போவேன். போய் ஆடிவிட்டு வருவேன். ஜெயிப்பது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்படி இரண்டு வருடம் ஓடியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அக்கா என்னை அந்த அறைக்கு அழைத்துப் போனார். "இதெல்லாம் என்ன ஏதுன்னு எனக்குத் தெரியாது. நீதான் பார்த்துச் சொல்லணும்" என்றார். முதலில் டிவியைத்தான் போட்டேன். நான் அணைத்தது அணைத்தபடியே இருந்தது. மேசை இழுப்பறையில் ஒரு தாள் கிடந்தது. எங்கள் தொழிற்சாலையில் பழுது பார்க்கும்போது நிரப்புகிற படிவம், அதையே தமிழில் கையால் கோடு போட்டு எழுதியிருந்தார். மவுஸ், கேபிள், மின்சாரம், நாற்காலி உயரம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி போட்டிருந்தார். அந்தப் படிவத்தின் முதல் கேள்வி, இயந்திரத்தைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்பது. அதற்கு எதிரே 'நான், செல்வி' என்று எழுதி, பிறகு என் பெயரை மட்டும் அடித்திருந்தார்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். பிறகு, "அவருக்கு என் மேலயே நம்பிக்கை கிடையாது. நான் வாங்கிட்டு வர்ற மீனைக்கூட திருப்பித் திருப்பிப் பார்ப்பாரு" என்றார். "உன் ஒருத்தியைத்தான் அவரு அப்படிப் பார்க்கல."

"தெரியும்க்கா."

"யாருகிட்டயும் சொல்லாத. நம்பிட்டே போயிட்டாரு. அப்படியே இருக்கட்டும்."

அக்கா சொன்னதை மீறித்தான் இதை எழுதுகிறேன். அவர் என்னை மன்னிக்காமல் போகலாம். ஆனால் சிதைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே நம் குழுவில் ஒருவர், "கடைசி ரெண்டு வருஷம் கை போயிருச்சு, பாவம்" என்றார். வாட்ஸ்அப்பில் அஞ்சலி எழுதிய நான்கு பேரும் அதையே எழுதியிருக்கிறீர்கள். எதையும் நம்பாதவர் என்று அவரைக் கிண்டல் செய்தும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் தவறு. அவர் ஒரே ஒரு ஆளை நம்பினார். அந்த ஆளைச் சந்தேகப்படுவதைவிடத் தன் கையைச் சந்தேகப்படுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

கணினிகளை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தாளை மட்டும் அக்காவிடம் கேட்டு வாங்கி வந்தேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அதுதான். அவர் அடித்த என் பெயரை மறுபடியும் எழுதினேன். படிவத்தின் கடைசிக் கட்டத்தில், முடிவு என்ற இடத்தில், அவர் 'வலது கை, வயசு' என்று எழுதி கையெழுத்துப் போட்டிருந்தார். அதை அடித்துவிட்டேன். நாகப்பன் அண்ணன் கையில் கடைசி நாள் வரை ஒரு கோளாறும் இல்லை.