தண்ணி வெல்கோவின் சகலை

லாலோவிடம் ஒரு பழக்கம் இருந்தது. நெவெனாவை எங்கே பார்த்தாலும் அவளுடைய அம்மாவை விசாரிப்பார், தம்பியை விசாரிப்பார், வீட்டுக் கோழிகளைக்கூட விசாரிப்பார். எல்லாம் முடிந்த பிறகு தொப்பியைச் சரிசெய்தபடி, எங்கோ பார்த்துக்கொண்டு, "உங்க வீட்டு ஆளு எப்படி இருக்கு?" என்பார்.

வீட்டு ஆளு என்றால் நெவெனாவின் அப்பா வெல்கோ. ஒன்பது வருஷமாக லாலோவின் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை.

"நல்லா இருக்கார் பெரியப்பா."

"இருமல்?"

"கொறைஞ்சிருக்கு."

"ம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். வாசலில் நிறுத்திய வண்டியைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்கிற மனுஷர் இருமலை மட்டும் ஏன் மறக்காமல் கேட்கிறார் என்று நெவெனா பல தடவை யோசித்திருக்கிறாள்.

லாலோ விராத்சா நகரத்தில் டிராலி பஸ் ஓட்டுபவர். நெவெனாவின் அம்மாவுக்கு அக்காவான ரும்யானாவைக் கட்டினவர் அவர்; தங்கை கால்யாவைக் கட்டினவர் வெல்கோ. வெல்கோவுக்கு சிமெண்டு ஆலையில் வேலை. வயதில் வெல்கோதான் நாலு வருஷம் பெரியவர், முறையில் லாலோ. இந்தக் கோணல் கணக்கை வைத்து இருவரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டு இருபது வருஷம் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஒன்றாகச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள், ஒன்றாகப் பன்றி அறுத்தார்கள், இலையுதிர் காலத்தில் மாமனார் தோட்டத்து பிளம் பழங்களை ஒன்றாக ஊறல் போட்டு, ஊர்ப் பொதுக் கொட்டகையில் ராக்கியாச் சாராயம் காய்ச்சினார்கள்.

பிரிவும் அந்தக் கொட்டகையில்தான் நடந்தது. நெவெனா பள்ளிப் படிப்பை முடிக்கும் வருஷம் அது. அந்த வீட்டில் யாரும் பள்ளியைத் தாண்டிப் போனதில்லை. அவளுடைய பள்ளி நிறைவு விருந்துக்கென்று நாற்பது லிட்டர் எதிர்பார்த்து வெல்கோ போட்ட ஊறல். கொட்டகையில் அவர்கள் முறை வந்த அன்று வெல்கோவுக்கு ஆலையில் வேலை. லாலோ மட்டும் அடுப்போடு உட்கார்ந்தார். சரக்கு தீய்ந்துபோய்விட்டது. வாயில் வைத்தால் கரியும் கசப்பும். தங்கள் முறைக்காகக் காத்திருந்த பதினைந்து பேர் வந்து மோந்து பார்த்தார்கள். அவர்கள் முன்னால் லாலோ, "நான் என்ன பண்றது? அவன் ஊறல்ல தண்ணிய ஊத்திக் கொண்டாந்திருக்கான். சரக்கு எறங்காம தீயக் கூட்டவேண்டியதாப் போச்சு" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் வெல்கோவுக்குத் தண்ணி வெல்கோ என்று பெயராகிவிட்டது. ஆலையில் அந்தப் பெயர், சந்தையில் அந்தப் பெயர். நெவெனாவின் விருந்தில் வெல்கோ கடையில் வாங்கிய ஓட்காவை ஊற்றினார். வந்தவர்கள் குடிப்பதற்கு முன்னால் கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்கள், சிரித்தார்கள். லாலோ வரவில்லை. வெல்கோவும் கூப்பிடவில்லை.

இந்த மாதிரிப் பிணக்குகளைத் தீர்ப்பதற்காகவே வருஷத்தில் ஒரு நாள் இருக்கிறது. ஈஸ்டருக்கு ஏழு வாரம் முன்னால் வரும் மன்னிப்பு ஞாயிறு. சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்கு ஹல்வாவோடு போய்க் கையில் முத்தமிட்டு, "மன்னிச்சிருங்க" என்பார்கள். பெரியவர்கள், "மன்னிச்சாச்சு" என்பார்கள். அவ்வளவுதான். அதற்குமேல் பேச்சே கிடையாது. ஆனால் இந்த இருவரில் யார் சின்னவர்? வயசில் சின்னவன் வரட்டும் என்று வெல்கோ உட்கார்ந்திருந்தார். தங்கச்சியைக் கட்டினவன் வரட்டும் என்று லாலோ உட்கார்ந்திருந்தார். ஒன்பது மன்னிப்பு ஞாயிறுகள் அப்படியே போயின. பெண்களும் பிள்ளைகளும் மட்டும் ஹல்வாவைத் தூக்கிக்கொண்டு இங்கேயும் அங்கேயும் நடந்தார்கள்.

நெவெனா இதற்குள் ஆங்கிலத்தில் பட்டம் வாங்கி வந்து, மொழிப் பள்ளி ஒன்றில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் லாலோவின் மகள் டெசி ஸ்காட்லாந்திலிருந்து போனில் கூப்பிட்டாள். டங்கன் என்ற பையனை அங்கே பிடித்திருக்கிறாள். கல்யாணம் செப்டம்பரில், விராத்சாவில். மாப்பிள்ளை வீட்டார் பதிமூன்று பேர் வருகிறார்கள்.

"அப்பா, நம்ம ஆளுங்கள ஒவ்வொருத்தரா நீங்கதான் அறிமுகப்படுத்தணும். இங்கிலீஷ்ல. வாடகைக்கு ஆள் வெச்சுச் சொன்னா எனக்கு அவமானம்."

அடுத்த நாள் நாலு மணிக்கு, வேலை முடிந்த உடுப்போடேயே, லாலோ நெவெனாவைத் தன் சமையலறை மேஜைக்கு எதிரே உட்காரவைத்தார்.

"டீச்சரம்மா, எனக்கு அம்பத்தெட்டு வயசு. அடிக்காம சொல்லிக்குடு."

அவர் ஒரு பெரிய தாளில் குடும்பத்தை வரைந்தார், டிராலி பஸ் தடம் வரைவதுபோல. ஒவ்வொருவரும் ஒரு நிறுத்தம். முதல் வாரமே சண்டை வந்தது.

"இரு இரு. அம்மாவோட தம்பிக்கும் அங்கிள், அப்பாவோட தம்பிக்கும் அதே வார்த்தையா?"

"ஆமா பெரியப்பா."

"அத்தை புருஷனுக்கு?"

"அதேதான்."

"அப்ப கல்யாணத்துல சம்பந்தி பக்கத்துல யாரு உக்காரணும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? சீட்டுப் போட்டா?"

அடுப்படியிலிருந்து ரும்யானா, "அவங்க சண்டை போடாம உக்காருவாங்க. அதான் வார்த்தை கொஞ்சமா இருக்கு" என்றாள்.

நெவெனா இந்த வேலையை ஒத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. தாளில் எல்லாரும் வரவேண்டும் என்றால் அவளுடைய அப்பாவும் வந்தாகவேண்டும். எழுதும்போது பெரியப்பா அந்தப் பெயரைச் சொல்லித்தானே தீரவேண்டும்? பெயர் வந்துவிட்டால் மற்றதும் வந்துவிடாதா? அந்த விருந்தில் அப்பா ஒவ்வொரு கோப்பையாக ஓட்கா ஊற்றியதை அவள் மறக்கவில்லை. தன் படிப்பின் வாசற்படியில் தண்ணி வெல்கோ என்ற பெயர் கிடக்கிறது என்ற எண்ணம் அவளுக்கு. ஊருக்கெல்லாம் வார்த்தை சொல்லிக்கொடுக்கிறவள், வீட்டில் இரண்டு பேரைப் பேசவைக்க முடியாதவள், அப்படியென்ன படித்துவிட்டாள்?

ஆகஸ்டில் தாளில் ஒரே ஒரு நிறுத்தம் வெறுமையாக இருந்தது.

"சகலைக்கு ஆங்கிலத்துல தனி வார்த்தை கிடையாது. என் மனைவியோட தங்கையோட கணவர்னு சுத்தித்தான் சொல்லணும்" என்றாள்.

"நல்லதுதான். நடுவுல ரெண்டு பொம்பளைங்க நிக்குறாங்க. கைகலப்பு வராது."

"பெரியப்பா."

"எழுதறேன், எழுதறேன். ஆனா இத நீ திருத்தக் கூடாது. தப்பா இருந்தா என் தப்பா இருக்கட்டும்."

அகராதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று நாள் கையாலேயே மறைத்துக்கொண்டு எழுதினார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

கல்யாணத்துக்கு வெல்கோ வந்தார். "டெசிக்காக வரேன். அவனுக்காக இல்ல" என்று நாலு தடவை சொல்லிவிட்டு, கதவோரம் கடைசி மேஜையில் உட்கார்ந்தார். இசைக்காரர்கள் நிறுத்தியதும் லாலோ எழுந்தார். சட்டைப் பையிலிருந்த தாளைப் பிரித்தார். அம்மாவின் தம்பியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்; பெயர் கேட்ட ஒவ்வொருவரும் எழுந்து, கோப்பையைத் தூக்கி உட்கார்ந்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் கைதட்டினார்கள். கடைசியாக அவர் கடைசி மேஜையைப் பார்த்தார்.

"அங்கே இருப்பவர் வெல்கோ. என் மனைவியின் தங்கையின் கணவர். நல்ல மனிதர். ஒன்பது வருஷம் முன்னால் அவர் தண்ணீர் ஊற்றவில்லை. நான் தூங்கிவிட்டேன். நெருப்பு பெரிதாகிவிட்டது. நான் பொய் சொன்னேன். அவர் பெயர் கெட்டுப்போனது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவருடைய மகள்தான் எனக்கு இந்த வார்த்தைகளைக் கொடுத்தாள்."

அவர் கற்றிருந்த ஆங்கிலத்தில் வளைத்துப் பேச வழி இருக்கவில்லை. சாக்குச் சொல்ல ஒரு சொல்லையும் நெவெனா அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

சம்பந்தி வீட்டார் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். இந்தப் பக்கத்தார் ஒன்றும் புரியாமல் கைதட்டினார்கள். பெயர் காதில் விழுந்ததால் வெல்கோ எழுந்து, கோப்பையைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தார். டெசி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி சொன்னான்?" வெல்கோ மகள் பக்கம் சாய்ந்தார்.

நெவெனா தலையைத் திருப்பிப் பார்த்தாள். சுற்றிலும் ஆட்கள். இங்கே சொன்னால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவாரோ, அழுதுவிடுவாரோ? இரண்டையும் அவள் பார்த்ததில்லை.

"நீங்க அவருக்கு என்ன முறைன்னு சொன்னார்."

"அதுக்கு இவ்வளவு நேரமா?"

"இங்கிலீஷ்ல சுத்தித்தான் சொல்லணும் அப்பா."

மறுநாள் காலை கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவரிடம் முழுதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். வெல்கோ தீனிச் சட்டியைக் கீழே வைத்தார்.

"எந்தப் பாஷையில சொன்னான்?"

"ஆங்கிலத்துல."

"தண்ணின்னு எந்தப் பாஷையில சொன்னான்?"

"நம்ம பாஷையில."

"குளிர்காலம் முடிஞ்சா மன்னிப்பு ஞாயிறு வருதில்ல. என் வாசல்ல வந்து நின்னு, நம்ம பாஷையில சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கேக்கணும்." சட்டியை எடுத்துக்கொண்டார். பிறகு, "நெசமாவே தூங்கிட்டானா?" என்று கேட்டார்.

"அப்படித்தான் சொன்னார்."

"நாய்க்குப் பொறந்தவன். நான் அப்பவே நினைச்சேன்" என்றார். முதுகைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பா வேறேதாவதா என்று நெவெனா முன்னால் போய்ப் பார்க்கவில்லை.

செய்தியை லாலோவிடம் கொண்டுபோனாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"நான் போகணுமா? முறைப்படி நான்தானே..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி கண்ணு. போறேன். சத்தமாவே சொல்றேன். பஸ் ஓட்டறவன் தொண்டை, தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

அந்தக் குளிர்காலத்தில் அவர் நிறையச் சிரித்தார். அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்க்கிறார் என்று ரும்யானா தங்கையிடம் சொன்னாள். தங்கை புருஷனிடம் சொன்னாள். வெல்கோ வாசல் கதவின் கீலுக்கு எண்ணெய் போட்டார். யாராவது கேட்டால், "கதவு கிறீச்சுன்னு கத்துது" என்றார்.

ஜனவரி நடுவில், பணிமனையில் வண்டியை விட்டு இறங்கும்போது லாலோவின் இதயம் நின்றுபோனது.

வெல்கோதான் சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கினார். வேறு யாரையும் அந்த இடத்துக்கு விடவில்லை. குழிக்கரையில் மண்மேல் ஒயினை ஊற்றி, எல்லாரையும்போல, "கடவுள் இவனை மன்னிக்கட்டும்" என்றார்.

மன்னிப்பு ஞாயிறும் வந்தது. கறுப்பு உடுப்பில் ரும்யானா, கையில் ஹல்வாவோடு, வெல்கோவின் வாசலில் நின்றாள். நெவெனா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குப் பதிலா நான் கேக்குறேன், வெல்கோ. அவர் கேக்க நினைச்சதை. மன்னிச்சிருங்க."

வெல்கோ ஹல்வாவை வாங்கிக்கொண்டார். அவளை உள்ளே கூட்டிப்போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். காப்பியைத் தானே போட்டார். கால்யா எழுந்தபோது கையமர்த்தினார். ரும்யானா காத்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும். நெவெனாவும் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, நீங்க எனக்கு ஒண்ணும் செய்யல. உங்ககிட்ட மன்னிக்க என்ன இருக்கு?"

"அவருக்காக..."

"கடவுள் மன்னிக்கட்டும்னு குழிக்கரையில சொல்லிட்டேன். அது அவனுக்கும் கடவுளுக்கும். எங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கிறது வேற." காப்பியை அவள் பக்கம் நகர்த்தினார். "இத நீங்க தீத்துட்டா அவனுக்கும் எனக்கும் அப்புறம் என்ன மிச்சம் இருக்கு? ஒண்ணுமில்லாமப் போயிடும். லாலோ எனக்கு ஒரு வார்த்தை தரணும். வயசுல சின்னவன் அவன்தான். வரவேண்டியவன் அவன்தான். அது அவன் பேர்லயே இருக்கட்டும்."